வயிற்றில் எழுதும் புலி

கேரளத்தில் ஓணத்தின்போது உடம்பில் புலி எழுதிக்கொண்டு ஆடும் திருச்சூர் புலிக்களிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம்தான் போய்ச் சேர்கிறார்கள். நான்காம் ஓணத்தன்று மத்தியானம் கோயமுத்தூரில் சாப்பிட்டுவிட்டு, பாலக்காடு வழியாக பஸ்ஸோ ரயிலோ பிடித்து, ஆட்டம் நடக்கிற ஸ்வராஜ் ரவுண்டு என்ற வட்டச் சாலையில் கூட்டத்தோடு நின்று, போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடுகிறார்கள். என் நண்பர்களிலேயே அப்படிப் போய் வந்தவர்கள் நிறைய. அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஆட்டத்தைப் பார்த்தீர்கள், சரி. எழுத்தைப் பார்க்கவில்லையே!

எழுத்து என்று நான் சொல்வது உடம்பில் வர்ணம் எழுதுவதை. அது அதே நாள் விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். அங்கே பேட்டையை தேசம் என்பார்கள். அய்யந்தோள், விய்யூர், கானாட்டுகர, பூங்குன்னம், கோட்டப்புறம் என்று ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு புலிக்கூட்டம், அதற்கென்று ஒரு மடை. மடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிளப் வாசலில் போட்ட பந்தல், பள்ளிக்கூடத் திடல், சில சமயம் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம். ட்யூப் லைட் எரியும், வார்னிஷ் வாசனை தெருமுனையிலேயே வரும்.

நான் போர்டு எழுதினவன். ராஜ வீதிக் கடைகளின் பெயர்ப்பலகை, லாரியின் பின்பக்கம், சுவர் விளம்பரம், தேர்தல் சின்னம், எல்லாம் எழுதியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் இறங்கிவிட்டது. இப்போது கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுவதும் பள்ளிக்கூடச் சுவர்களில் படம் போடுவதும்தான் வேலை. எனாமல் தகரத்தில் எப்படி ஓடும், சுவர் எவ்வளவு உறிஞ்சும், மழைக்காலத்தில் காய எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதெல்லாம் கைக்குப் பழக்கம். ஆனால் மூச்சு விடுகிற ஒரு வயிற்றில் கோடு இழுப்பது எப்படி என்று பார்த்தது திருச்சூரில்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எந்த ஓவியமும் அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

கலர் தயாரிப்பதிலிருந்தே பார்க்க வேண்டும். டின்னைத் திறந்து அப்படியே பூசிவிடுவதில்லை. கலர் பொடியில் வார்னிஷ் விட்டு அம்மியில் வைத்து அரைக்கிறார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றி அரைத்தாலும் தோள் விட்டுப்போகிற வேலை அது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் தட்டக் கூடாது. ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று அங்கே வர்ணம் எழுதுகிற ஆசானிடம் கேட்டேன். டின் பெயின்ட் தடிமனாக உட்காரும், ஆடும்போது முழங்கை மடிப்பிலும் இடுப்பு மடிப்பிலும் வெடித்து உரியும் என்றார். அரைத்த கலரில் பொடி அதிகம், பசை கம்மி. ஒரே இழுப்பில் தோல் மறையும், ஆனால் மெல்லிசாக நிற்கும். போர்டுக்காரனுக்கு இது உடனே புரிகிற கணக்கு. மஞ்சள் எப்போதுமே சரியாக மூடாத கலர். தகரத்தில் மஞ்சள் நன்றாக எழும்ப வேண்டுமென்றால் அடியில் வெள்ளை ஒரு பூச்சு கொடுப்போம். வயிற்றில் அப்படிப் பல பூச்சு ஏற்றித் தடிமனாக்க முடியாது. அதனால்தான் அம்மி.

புலி வேஷம் கட்டுகிறவர்கள் உடம்பை முழுக்க மழித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஒரு முடி மிச்சம் இருந்தாலும் பிரஷ் அதில் தட்டிக் கோடு சிதறும். பெஞ்சின் மேலோ ஸ்டூலின் மேலோ ஏறி, பக்கத்தில் கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு கைகளை விரித்து நிற்க வேண்டும். முதல் பூச்சு காய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை உட்காரக் கூடாது, சாயக் கூடாது, கை இடுப்பில் படக் கூடாது. அரித்தால் சொறிய முடியாது. தண்ணீரை ஸ்ட்ரா வைத்துக் கொடுக்கிறார்கள். பசித்தால் வீட்டிலிருந்து வந்த யாராவது இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிறார்கள். அதற்கப்புறம் இரண்டாவது பூச்சு, அதன் மேல் எழுத்து. எல்லாம் முடிய அஞ்சாறு மணி நேரத்துக்குக் குறையாது. சாயங்காலம் ஆடுகிற ஆள் காலை முழுக்க இப்படி நின்றுவிட்டுத்தான் ஆடுகிறார் என்பது ரவுண்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் பக்கத்தில் நின்று பார்த்தது ஒரு கூட்ஸ் ஆட்டோக்காரருடைய வயிறு. ஐம்பது வயது இருக்கும். நல்ல பெரிய, உருண்ட வயிறு. புலிக்களிக்கு இப்படிப்பட்ட வயிற்றைத் தேடித்தான் பிடிக்கிறார்கள். வரிப்புலிக்கு நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரைக்கும் ஒரு முழுப் புலிமுகம் எழுதுவார்கள். மஞ்சள் காய்ந்ததா என்று ஆசான் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இந்த இடத்தில்தான் அனுபவம் தெரியும். மஞ்சள் முழுசாகக் காயாமல் கறுப்பு வைத்தால் இரண்டும் கலந்து பாசிப் பச்சையாகிவிடும், கோடு அழுக்காகும். அப்படியென்று முழுக்கக் காயவிட்டாலும் முகத்தின் ஓரத்தில் ஆரஞ்சை வெள்ளைக்குள் இழுத்து ஷேடு கொடுக்க முடியாது. அதனால் அவர் வயிற்றின் நடுவில் முகம் வரும் இடத்தை மட்டும் ஈரம் இருக்கும்போதே பிடித்துக்கொண்டார். தட்டை பிரஷ்ஷால் கன்னத்துக்கு வெள்ளை, அதன் விளிம்பில் ஆரஞ்சு, இரண்டுக்கும் நடுவே காய்ந்த பிரஷ்ஷால் விசிறிவிட்ட மாதிரி சின்னச் சின்ன இழுப்பு. நிறம் மாறும் இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

அப்புறம் கறுப்பு. “மூச்சை விடு… இன்னும் கொஞ்சம்… அப்படியே நில்லு” என்பார். வயிறு பாதி இறங்கி நிற்கும். அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் கண்ணின் மேல்கோடு ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும். மூச்சை முழுசாக உள்ளே இழுத்துவைத்து எழுதினால் வயிறு தளரும்போது புலி தூங்கி வழியும். முழுசாக வெளியே விட்டு எழுதினால் ஆடும்போது கண் பிதுங்கும். பாதி மூச்சுதான் சரி என்று யார் முதலில் கண்டுபிடித்தார்களோ! மூக்கு தொப்புளுக்குச் சற்று மேலே நின்றது, வாயைத் திறந்தபோது தொப்புள் வாய்க்குள் விழுந்தது. நாக்கின் சிவப்பு அடிவயிற்று மடிப்பில் போய் முடிந்தது. எழுதி முடித்ததும் ஆசான் எட்டடி பின்னால் போய் நின்று, “குலுக்கு” என்றார். ஆட்டோக்காரர் வயிற்றை ஒரு குலுக்குக் குலுக்கினார். புலி வாயைத் திறந்து மூடியது. சுவரில் நான் வரைந்த எந்தப் புலியும் வாயை மூடியதில்லை.

தட்டையான இடத்தில் வரைந்து பழகியவனுக்கு இன்னொன்றும் அங்கே புரியும். உருண்டையில் நேர்கோடு கிடையாது. விலாவில் வரும் பட்டையை நேராகப் போட்டால் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவனுக்கு வளைந்து கீழே சரியும். எனவே பட்டையை வளைத்துப் போட்டுத்தான் நேராகக் காட்ட வேண்டும். புள்ளிப்புலி, அதாவது சிறுத்தை, அதைவிடச் சிரமம். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருந்தால் பொட்டு வைத்த துணி மாதிரி ஆகிவிடும். முதுகில் பெரிதாகத் தொடங்கி முன்னால் வரவர அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். பென்சில் கோடு கிடையாது, நூல் போட்டுச் சுண்ணாம்புக் கோடு அடிப்பது கிடையாது. எல்லாம் கண்ணாலேயே அளந்து வைப்பதுதான்.

முந்தின காலத்தில் முகத்திலும் எழுதித்தான் ஆடினார்களாம். இப்போது முகத்துக்குத் தாடி, மீசை, பல், தொங்கும் நாக்கோடு முகமூடி வந்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம்தான். வயிற்றில் அவ்வளவு நுணுக்கமாக எழுதிவிட்டு மேலே ஒரே அச்சில் வார்த்த மாதிரி முகமூடியை மாட்டும்போது எழுத்தின் உயரம் குறைகிறது. அதேபோல, புலி என்றால் மஞ்சளும் கறுப்பும்தான் என்றில்லாமல் பச்சை, நீலம், வயலெட் எல்லாம் வந்துவிட்டன. நிறம் மாறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீலத்திலும் ஷேடு இழுக்கலாம், அழகாகவே இருக்கிறது. ஃபுளோரசன்ட் கலர்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குமே தவிர ஷேடுக்கு அடங்காது, வயிற்றின் உருண்டையே தட்டையாகிவிடுகிறது.

புலிக்களியை ஆரம்பித்துவைத்தது கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் என்று அங்கே சொல்கிறார்கள். வடக்குநாதர் கோயிலைச் சுற்றியிருந்த காட்டை வெட்டித் திருத்தி, திருச்சூர் பூரத்தையும் தொடங்கிவைத்த அதே ராஜா. 1790 முதல் 1805 வரை ஆண்டவர். நம் பக்கத்துப் புலியாட்டத்தை அதோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலும் மஞ்சள் பூசிக் கறுப்புப் பட்டை போட்டு, வால் கட்டி, தப்பு அடிக்க ஆடுகிறார்கள். மாரியம்மன் திருவிழாவிலும் உண்டு, சில ஊர்களில் மொஹரத்திலும் உண்டு. மங்களூர், உடுப்பிப் பக்கம் தசராவுக்குப் புலிவேஷம் கட்டுகிறார்கள். ஆனால் ஆடுகிறவனின் கால்தான் நம்மூரில் பேர் வாங்கும். திருச்சூரில் எழுதுகிறவனின் கைக்கும் பாதிப் பேர் உண்டு. ஒவ்வொரு தேசத்துக்காரர்களும் தங்கள் ஆசான் யார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

உடம்பில் எழுதுவது நமக்குப் புதுசும் இல்லை. சங்கப் பாடல்களில் பெண்களின் தோளில் கரும்பு எழுதுகிறார்கள், மார்பில் தொய்யில் என்கிற கோலம் எழுதுகிறார்கள். அந்தச் சேர நாட்டு மண்ணில், வட கேரளத்துத் தெய்யம் என்கிற தெய்வ ஆட்டத்தில், இன்றும் முகத்தில் எழுதும் முகத்தெழுத்து, உடம்பில் எழுதும் மெய்யெழுத்து என்று நடக்கிறது. அங்கே வேஷக்காரர் மல்லாந்து படுத்துக்கொள்வார், எழுதுகிறவர் தலைமாட்டில் உட்கார்ந்து தலைகீழாக எழுதுவார். பிரஷ் கிடையாது, தென்னை ஈர்க்குதான். அரிசி மாவு, மஞ்சள், சுண்ணாம்பு, விளக்குக் கரி, சிவப்புக்குச் சாயில்யம், மஞ்சளுக்கு மனையோலை. எழுதி முடித்துக் கடைசியில் கண்ணாடியைக் கையில் கொடுப்பார்கள். அதில் தன் முகத்தைப் பார்த்த பிறகு அவர் மனுஷர் இல்லை, தெய்வம். பக்கத்தில் நிற்கிறவர்கள் அதற்கப்புறம் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இந்த இடத்தில் பலரும், “பார்த்தீர்களா, பழைய காலத்தில் எல்லாம் இயற்கை, இப்போதுதான் கெமிக்கல்” என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சாயில்யம் பாதரசம் சேர்ந்தது. மனையோலை ஆர்சனிக் சேர்ந்தது. நம்முடைய கூத்துக்காரர்கள் ஒரு காலத்தில் பூசிய அரிதாரமும் அந்த இனம்தான். மண்ணிலிருந்து எடுத்தது என்பதாலேயே தோலுக்கு ஆகும் என்று ஆகிவிடாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தோலில், இத்தனை மணி நேரம், இந்தக் கலர் என்ன செய்யும்?

இதைக் கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகள். கல்யாண மேக்கப் செய்கிறவள், பிறந்தநாள் விழாக்களில் குழந்தைகள் முகத்தில் பட்டாம்பூச்சியும் புலியும் வரைவாள். வெளிநாட்டு உடல் ஓவியங்களை எனக்குக் காட்டியதும் அவள்தான். 1992-ல் வேனிட்டி ஃபேர் பத்திரிகையின் அட்டையில் டெமி மூர் கோட்டு சூட்டோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வந்தது. சூட்டு முழுக்க ஜோஆன் கேர் என்ற கலைஞர் உடம்பில் எழுதியது. பட்டன் துளைகூடப் பெயின்ட்தான். ஆஸ்திரியாவில் ஜேபோடன் என்ற ஏரிக்கரை ஊரில் 1998-ல் ஆரம்பித்த உலக உடல் ஓவியத் திருவிழாவின் வீடியோக்களை நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்து பார்ப்போம். பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும் ஒரு பிரிவு, ஏர்பிரஷ் இன்னொரு பிரிவு என்று வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். அங்கே பூசுவது தோலுக்கென்றே செய்த, தண்ணீரில் கரைகிற கலர். சோப்புப் போட்டுக் குளித்தால் போய்விடும்.

அவளைத் திருச்சூருக்குக் கூட்டிப் போனபோது மடையில் நுழைந்ததுமே, “அப்பா, இது தோலுக்கு ஆகவே ஆகாதுப்பா” என்றாள். சாயங்காலம் கழற்றுவதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்க்கிறார்கள். முதல் தேய்ப்பில் மஞ்சளும் கறுப்பும் கலந்து சேறாக வழிகிறது. அப்புறம் சோப்பு, மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சோப்பு. அக்குளும் தொடை இடுக்கும் சிவந்து எரிகின்றன. தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறார்கள். காதோரத்திலும் நகக்கண்ணிலும் மஞ்சள் சில நாள் இருக்கும்.

உடம்பு முழுக்கப் பெயின்ட் அடித்தால் தோல் மூச்சுவிட முடியாமல் ஆள் செத்துப்போவான் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை, மூச்சு விடுவது நுரையீரல்தான். நிஜமான தொந்தரவு சூடு. வியர்வை வெளியே வந்து ஆவியானால்தான் உடம்பு குளிரும். வார்னிஷ் பூச்சு அதைத் தடுக்கிறது. அந்த நிலையில் மணிக்கணக்கில் மேளத்துக்கு ஆட வேண்டும். அடிக்கடி தண்ணீர் குடிக்கவைக்க ஒரு ஆள் கூடவே நடக்கிற கூட்டங்கள்தான் நல்ல கூட்டங்கள்.

கலரிலும் ஒரு விஷயம் இருக்கிறது, என் தொழில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்து எனாமலில் கோல்டன் யெல்லோ அவ்வளவு பளிச்சென்று இருந்ததற்குக் காரணம் லெட் குரோமேட், ஈயம் சேர்ந்த நிறமி. புலிக்கு வேண்டிய மஞ்சளும் ஆரஞ்சும் சரியாக அந்த ஜாதி. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது டின்னில் லேபிளோடு வருகிற பெயின்ட்டுக்குச் சரி. லூஸில் பொட்டலமாக வாங்குகிற கலர் பொடியில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதித் தருவதில்லை. வாங்குகிறவர்கள் ஈயம் இல்லாத மஞ்சள்தானா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும். ஆர்கானிக், அதாவது ஈயம் போன்ற உலோகத்துக்குப் பதில் கரிமச் சேர்மத்தால் ஆன மஞ்சள் நிறமி கிடைக்கிறது, விலை கூடுதல், மூடும் சக்தி கொஞ்சம் குறைவு, ஆனால் வேலை நடக்கும்.

மகள் தன் பெட்டியிலிருந்த தண்ணீர்க் கலரை எடுத்து ஆசானிடம் கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை. ஒரு பையனின் முன்கையில் நான்கு பட்டை இழுத்தார். “நல்ல வழுக்கு மோளே, கோடு நன்றாக வருகிறது” என்றார். கால் மணி நேரத்தில் வியர்வை வந்தது, பட்டை ஓடிவிட்டது. ஆஸ்திரியாவில் மாடல் மேடையில் நடந்து, நின்று, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். இங்கே ஆவணி மாத மழையிலும் கூட்டத்தின் உரசலிலும் எழுத்து தாங்க வேண்டும். ஆசான் வார்னிஷ்ஷை விடாததற்குப் பிடிவாதம் காரணமில்லை.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. சினிமாவில் பச்சை குத்தின மாதிரி காட்டவும் காயம் வரையவும் ஆல்கஹாலில் கரைகிற கலர் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் வியர்வைக்கும் அசையாது, அதற்கென்று இருக்கிற ரிமூவர் போட்டால் வந்துவிடும். விலைதான் பிரச்சினை. முகத்துக்குப் போதுமான சின்னப் பெட்டியே ஆயிரக்கணக்கில் ஆகிறது, ஒரு கூட்டத்தில் முப்பது நாற்பது புலிகள். இங்கேதான் நான் மாநகராட்சியையும் சுற்றுலாத் துறையையும் பெயின்ட் கம்பெனிகளையும் பார்த்துக் கேட்கிறேன். பரிசுக் கோப்பை கொடுக்கிறீர்கள், விளம்பரத்தில் புலிப் படம் போடுகிறீர்கள். தோலுக்கு ஆகிற, வியர்வைக்கு நிற்கிற, அம்மியில் அரைக்கிற பொடியாகவே ஒரு மஞ்சளையும் கறுப்பையும் செய்து கொடுக்க நம் நாட்டுக் கெமிஸ்டுகளால் முடியாதா? 2016-லிருந்து பெண்களும் புலியாக ஆட வந்துவிட்டார்கள். இளம் பையன்கள் வருகிறார்கள். இவர்கள் ஒவ்வொரு ஓணத்துக்கும் இதே மண்ணெண்ணெயில் குளிக்க வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. மரபு அந்தக் கைவேலையில் இருக்கிறது, டின்னில் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: நான்காம் ஓணம் என்பது திருவோணத்துக்கு இரண்டு நாள் கழித்து வரும் சதய நட்சத்திர நாள், காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரியே போய்த் தங்குங்கள். விடிகாலையில் ஏதாவது ஆட்டோக்காரரிடம் புலிமடைக்குப் போக வேண்டும் என்றால் பக்கத்து தேசத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். நிற்கிறவர் அரை நிர்வாணமாக, அசைய முடியாமல் நிற்கிறார். பூச்சு காய்ந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டாம். மழை வந்தால் தார்ப்பாய் பிடிக்க ஆள் தேடுவார்கள், போய்ப் பிடியுங்கள். ஆசானிடம் பேச வேண்டுமென்றால் முதல் பூச்சு காய்கிற நேரத்தில் பேசலாம், நன்றாகவே பேசுவார், டீயும் வாங்கித் தருவார். கறுப்பு பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டார் என்றால் மட்டும் எதுவும் கேட்காதீர்கள்.